பச்சைப் புள்ளியை நம்பாதவர்

பதுளை பஸ் நிலையத்தில் லுணுகலை பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் அவர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். குனிந்து ஒவ்வொரு டயராகப் பார்ப்பார். டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "என்னாங்க, பஸ்ஸ வாங்கப் போறீங்களா?" என்று கேட்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். இவர் மட்டும் சிரிக்காமல், "முன்னுக்கு எடது பக்கம் தேஞ்சு போயிருக்குங்க. மழை வேற வரும்போல" என்பார். அவரோடு வேலைக்குப் போன பாவத்துக்கு, நானும் புறப்படத் தயாராக நின்ற பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் வெயிலில் காய்ந்திருக்கிறேன். மழையும் வரவில்லை. அன்று மனதுக்குள் அவரைத் திட்டிய திட்டுகளை இங்கே எழுத முடியாது.

பயப்படுவதற்கென்றே பிறந்த மனிதர் என்று நாங்கள் நினைத்தோம். அலுவலகக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். படியிறங்கிப் போய்விட்டுத் திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுப்பார். நமுனுகுல மலைப் பக்கம் லேசாக இடி இடித்தால் போதும், எல்லாக் கணினிகளின் வயரையும் பிடுங்கிவிடுவார். பாதி வேலையில் இருக்கும் நாங்கள் கத்துவோம். எதைச் சொன்னாலும் "அது சரிங்க" என்று ஒப்புக்கொண்டுவிட்டு, "ஒருவேளை..." என்று ஆரம்பிப்பார். அதனால் அவருக்கு 'ஒருவேளை அண்ணன்' என்று பெயர் வைத்திருந்தோம். வைத்தது நான்தான்.

எங்கள் அலுவலகம் ஒரு புடைவைக் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள். ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களில் மண்சரிவு எச்சரிக்கை செய்கிற ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் இருபத்திரண்டில் எங்கள் கருவி இருந்தது. லயத்துக்கு மேலே சரிவில் ஒரு மழைமானி. பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் சுவரில் ஒரு பெட்டிக்குள் உள்ளங்கையளவு கணினி. கூரையில் ஒரு சைரன்; லயத்து ஆட்கள் அதைச் சங்கு என்பார்கள். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குறித்த அளவுக்கு மேல் மழை விழுந்தால் சைரன் கூவும். கூவினால் பிள்ளை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும். அந்தக் கணினியில் ஓடிய பைத்தன் நிரலை எழுதிப் பராமரிப்பது என் வேலை. அதை இடத்துக்குப் போய் நிறுவுவது அவர் வேலை.

குறித்த அளவு என்று சொன்னேன். அது இடத்துக்கு இடம் வேறு. பொதுவான அளவு நூற்றைம்பது மில்லிமீற்றர். ஆனால் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருந்தாலோ, புதிதாக ஊற்றுக் கிளம்பியிருந்தாலோ, தேயிலை பிடுங்கிய நிலமாக இருந்தாலோ அவ்வளவு மழைக்குக் காத்திருக்க முடியாது. அவர் ஒவ்வொரு லயத்துக்கும் மேலே தவழாத குறையாக ஏறி இறங்குவார். கொழுந்து எடுக்கும் பெண்களிடம் தண்ணீர் எங்கே வருகிறது, எந்தச் சுவர் பிளந்திருக்கிறது என்று கேட்பார். கேட்டதை அதிகாரிகளிடம் கொண்டுபோவார். அவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு எழுபத்தைந்து, எண்பது, தொண்ணூறு என்று ஓர் எண் முடிவாகும். அந்த எண் அந்தந்தக் கணினியில் இருக்கும் அமைப்புக் கோப்பில் உட்காரும். இந்த முழு ஏற்பாட்டின் உயிரும் அந்த ஒற்றை எண்ணில்தான் இருந்தது.

நிறுவி முடித்தால் நாங்களெல்லாம் வீட்டுக்குப் போவோம். அவர் போகமாட்டார். பையிலிருந்து ஓர் அலுமினியம் ஜக்கை எடுத்துக்கொண்டு மழைமானி இருக்கும் இடத்துக்கு ஏறுவார். மழைமானிக்குள் ஒரு சின்னத் தட்டு உண்டு. நிறைந்ததும் கவிழும்; ஒரு கவிழ்ப்புக்கு ஓர் எண் ஏறும். மடமடவென்று ஊற்றினால் தட்டு சிக்கிக்கொள்ளும். நூல் மாதிரி ஊற்ற வேண்டும். லயத்தில் வீடு வீடாகப் போய், "இது சோதனைங்க, யாரும் ஓடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்து, பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் நின்று ஊற்றுவார். எண்பது என்று எழுதியிருந்தால் எண்பதில் கூவ வேண்டும். கூவும். கூவும்போது அங்கே நிற்பவர்களில் அதிகமாகத் திடுக்கிடுவது அவர்தான். தான் ஊற்றிய தண்ணீருக்குத் தானே நடுங்கும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்களுக்குள் ஒரு கதை கட்டிவைத்திருந்தோம். சின்ன வயதில் மண்சரிவில் யாரையோ பறிகொடுத்திருக்கிறார், அதுதான் இப்படி என்று. ஒருநாள் பசறையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கேட்டேவிட்டேன்.

"ஒன்னுமே நடக்கலைங்க மிஸ்" என்றார். "அப்பா இருக்காரு, அம்மா இருக்காங்க. அவங்க லயமும் அப்படியே இருக்கு."

"அப்புறம் ஏன் அண்ணே இவ்வளவு பயம்?"

"நடந்தவனுக்கு அழுகைங்க. நடக்காதவனுக்குத்தான் பயம்" என்றார். பிறகு கையிலிருந்த இஞ்சி பிஸ்கட்டை எனக்கு நீட்டினார்.

இனி என் பெருமையைச் சொல்கிறேன். நான் வந்து சேர்ந்தபோது அந்த நிரலை நிறுவும் முறை, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும்படி இருந்தது. நிரலை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு போக வேண்டும். பிளாஸ்டிக் உறைபோட்ட ஒரு தாளில் பத்தொன்பது படிகள். நிரல் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே, அந்தத் தோட்டத்தின் பெயரில், அமைப்புக் கோப்பும் கிடக்கும். புதிய நிரலைப் போட்டால் பழைய எண்கள் அழிந்துபோகும். அதனால் முதலில் எல்லா எண்களையும் கொப்பியில் எழுதிக்கொண்டு, நிரலைப் போட்டுவிட்டு, திரும்ப ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். இவரோ ஒவ்வோர் எண்ணையும் நான்கு தடவை சரிபார்க்கிறவர். ஓர் இடத்துக்கு ஒரு நாள். இருபத்திரண்டாவது இடத்தை முடிக்கும்போது முதலாவது இடத்தில் இருப்பது பழசாகியிருக்கும்.

பைத்தன் உலகில் இதற்கெல்லாம் நல்ல வழி வந்துவிட்டிருந்தது. நிரலை ஒரே பேக்கேஜாகக் கட்டினேன். அதற்கு என்னென்ன தேவை என்பதை ஒரே கோப்பில் எழுதினேன். ஒரே கட்டளையில் நிறுவலாம். பதுளையில் உட்கார்ந்தபடியே நிறுவலாம். பொது எண்கள் பேக்கேஜுக்குள் இருக்கும். தோட்டத்து எண்கள் பேக்கேஜுக்கு வெளியே தனி இடத்தில் இருக்கும். நிரல் முதலில் பொது எண்களை வாசிக்கும், பிறகு தோட்டத்துக் கோப்பை வாசித்து அதன்படி மாற்றிக்கொள்ளும். எத்தனை தடவை புதிய பேக்கேஜ் போட்டாலும் தோட்டத்துக் கோப்பை யாரும் தொடமாட்டார்கள். பழைய கோப்பைத் தோட்டத்தின் பெயரை வைத்துத் தேடிப் புதிய இடத்துக்குக் கொண்டுவர ஒரு சிறு நிரலும் எழுதினேன். கண்டவர்கள் கைவைத்துக் குழப்பக் கூடாது என்பதற்காக, எண்களை அலுவலகத்திலிருந்து மட்டுமே மாற்றலாம் என்றும் வைத்தேன். இன்றைக்கும் சொல்வேன், அது நல்ல வேலை. இரண்டு மாதம் சோறு தண்ணி பார்க்காமல் செய்தேன்.

அவருக்கு விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அது சரிங்க மிஸ். ஒருவேளை, அந்தத் தோட்டத்துப் பைல் கெடைக்கலைன்னா என்னா செய்யும்?"

"கிடைக்கும் அண்ணே."

"கெடைக்கலைன்னா?"

"பொது அளவ எடுத்துக்கிட்டு ஓடும். நூத்தம்பது."

"சொல்லாம கொள்ளாமயா?"

"லாக் பதிவுல ஒரு வரி எழுதும்."

"அத யாருங்க வாசிப்பா?"

எனக்கு எரிச்சல் வந்தது. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கெடைக்கலைன்னா ஓடாம நிண்டு போற மாதிரி செய்யுங்க மிஸ்."

"எச்சரிக்கை மெஷின் நின்னு போனா நல்லதா அண்ணே? நூத்தம்பதுலயாவது கூவட்டுமே."

"நிண்டு போச்சுன்னா சனம் பயந்துகிட்டு முழிச்சிருக்கும். ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னா நம்பிப் படுத்துக்கும்ங்க."

நான் சொன்ன பதில் ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "அண்ணே, உங்க பயத்தையெல்லாம் கோட்ல எழுத முடியாது." அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். இன்று அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

ஐப்பசி மழைக்கு முந்திய வாரம் ஒரு காலையில், எல்லா இடத்திலும் புதிய பேக்கேஜை நிறுவும் பொத்தானை அழுத்தினேன். திரையில் இருபத்திரண்டு சாம்பல் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கடைசிப் புள்ளியும் மாறியபோது கைதட்டினார்கள். பணிப்பாளர் கீழே ஆள் அனுப்பி ரோல்ஸும் பிளேன்டீயும் எடுப்பித்தார். ஒரு மாத வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்திருந்தது. அவர் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றார்.

"பச்சைன்னா என்னாங்க அர்த்தம்?"

"ஓடுதுன்னு அர்த்தம்."

"எண்பதுக்கு ஓடுதா, நூத்தம்பதுக்கு ஓடுதா?"

அந்தத் திரை அதைக் காட்டாது. காட்டும்படி நான் செய்திருக்கவில்லை. "சரியாத்தான் ஓடும் அண்ணே, சாப்பிடுங்க" என்றேன்.

எல்லா இடத்துக்கும் ஜக்கோடு போய்வர அவர் அனுமதி கேட்டார். பணிப்பாளர் மறுத்தார். சும்மா சும்மா சைரன் கூவுகிறது, கொழுந்து மலையில் ஆட்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள் என்று தோட்ட நிர்வாகங்களிடமிருந்து முறைப்பாடு வந்திருந்தது. "இனிமே சோதனை கிடையாது. தண்ணி ஊத்துற வேலையே வேணாம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அடுத்த நாள் இவர் லீவு எழுதிக் கொடுத்தார். மூன்று வருடத்தில் அவர் எடுத்த முதல் லீவு. சுகமில்லை என்று பணிப்பாளர் நினைத்துக்கொண்டார். மேசைக்கு அடியில் இருந்த ஜக் காணாமல் போயிருந்ததை நான் மட்டும் கவனித்தேன்.

அன்று மாலையே செய்தி வந்தது. "கூவிருச்சி மிஸ். எண்பத்தஞ்சுல." ஒரு நாளைக்கு இரண்டு இடம், பஸ்ஸிலும் நடையுமாக. ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி ஒரு வரி. முதல் இரண்டு நாள் எனக்குச் சிரிப்பாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து போன் அதிரும்போதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து எடுத்தேன். கூவிருச்சி என்று வாசித்த பிறகுதான் மூச்சு வரும். பயம் ஒட்டுவாரொட்டி என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒன்பது நாளில் பதினெட்டு இடம் முடிந்தது. பதினெட்டும் சரி. எனக்குத் தைரியம் திரும்பிவந்தது. மிச்சம் நாலுதானே என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அவர் போகவேண்டிய பத்தொன்பதாவது இடம் லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தின் பணிய லயம், அதாவது கீழ் லயம். செங்குத்தான சரிவுக்கு நேர் கீழே நாற்பது குடும்பம். சரிவில் ஓர் ஆள் கையை விடக்கூடிய அளவுக்கு வெடிப்பு. அங்கே நடந்ததைப் பின்னால் அந்த லயத்து ஆட்களே எனக்குச் சொன்னார்கள்.

பஸ் பாதியிலேயே நின்றுவிட்டதால் அவர் நடந்து வந்திருக்கிறார். பின்னேரம் மூன்று மணிக்கே மூடுபனியில் லயம் இருட்டிக் கிடந்தது. பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். சின்னத் திரையில் மழை அளவு தொண்ணூற்றுநான்கு. அந்த லயத்தின் எண் எண்பது. சைரன் சத்தமில்லாமல் இருந்தது.

வாசல் வாசலாக ஓடினார். "ஏறுங்க, ஸ்கூலுக்கு ஏறுங்க" என்று கத்தினார். ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் மலையிலிருந்து நனைந்து வந்து, அடுப்பு மூட்டி, உலை வைத்திருந்தார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் படங்கு எனும் தார்ப்பாய்த் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னாண்ணே, சங்கு ஊதலையே?"

"அது கெட்டுப் போச்சுங்க. எண்பது தாண்டிருச்சு."

"பெட்டியில பச்சை லைட்டு எரியுதே. நீங்கதானே சொன்னீங்க, சங்கு ஊதினா ஏறணும், ஊதாம யாரும் பயந்து ஓடக் கூடாதுன்னு. கைப்புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு இந்த மழையில எங்கண்ணே போறது?"

அவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். எனக்குப் போன் எடுத்துப் பார்த்திருக்கிறார், சிக்னல் இல்லை. எண்ணை மாற்ற அவரால் முடியாது; நான்தான் அந்த வழியை அடைத்துவிட்டிருந்தேன். அவர் பையிலிருந்து ஜக்கை எடுத்தார். பீலிக் குழாயில் வந்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறினார்.

தேய்ந்த டயருக்குப் பயந்து பஸ்ஸை விடுகிற மனிதர், அந்த வெடிப்புக்குப் பக்கத்தில் நின்று, கொட்டுகிற மழைக்குள், மழைமானியில் நூல் மாதிரி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவசரப்பட்டால் தட்டு சிக்கிக்கொள்ளும். தொண்ணூற்றுநான்கிலிருந்து நூற்றைம்பது வரைக்கும் ஊற்ற வேண்டும். காலடியில் சேறாகத் தண்ணீர் ஓடியதாம். கீழேயிருந்து பார்த்த ஒரு பெண் சொன்னாள், "அவருக்குக் காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுதுங்க, கை மட்டும் ஆடல." பத்து நிமிடம் அப்படி நின்றார். சைரன் கூவியது. உலையை அப்படியே விட்டுவிட்டு நாற்பது குடும்பமும் பள்ளிக்கூடத்துக்கு ஏறியது.

மலை சரியவில்லை.

விடியும்போது மழை விட்டு வெயிலும் அடித்தது. லயம் அப்படியே நின்றது. பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்து ஒரு வயதான அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல். தண்ணீர் ஊற்றித்தான் சங்கை ஊதவைத்தார் என்ற கதை பரவ, தோட்ட நிர்வாகம் எங்கள் பணிப்பாளரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டது. பணிப்பாளர் இவருக்குப் போன் எடுத்து, இனி அலுவலகத்துக்கு வர வேண்டாம், எந்தப் பெட்டியையும் தொட வேண்டாம் என்றார். இவர் ஏதோ சொல்ல வந்தபோது வைத்துவிட்டார். பிறகு என்னிடம் அந்த இடத்துக் கணினியின் பதிவை எடுத்துத் தரச் சொன்னார்.

எடுத்தேன். அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, பத்து நிமிடத்தில் ஐம்பத்தாறு மில்லிமீற்றர் என்ற நடக்கவே முடியாத மழை. மற்றது, பேக்கேஜை நிறுவ நான் பொத்தானை அழுத்திய நேரத்தில் எழுதப்பட்ட ஒரு வரி: 'தோட்டக் கோப்பு கிடைக்கவில்லை, பொது அளவு பயன்படுத்தப்படுகிறது.' நான் முதலாவதை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தேன்.

ஏன் என்று கேட்டால், பயம். வேறு காரணம் கிடையாது. அந்தப் பேக்கேஜில் என் பெயர் இருந்தது. என் மகள் மண்சரிவைத் தடுக்கிறாள் என்று அப்பா எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். "பிரச்சினை ஒன்றும் இல்லைதானே?" என்று பணிப்பாளர் கேட்டபோது, "பச்சையாகத்தான் இருந்தது சேர்" என்றேன். அது உண்மை. அவ்வளவு பெரிய பொய்யை நான் அதற்கு முன் சொன்னதில்லை. மதியம் யாரும் பார்க்காத நேரத்தில் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் எண்பது என்று அலுவலகத்திலிருந்து மாற்றிவிட்டேன். கோப்பு ஏன் கிடைக்கவில்லை என்று தேடவில்லை. தேடினால் கண்டுபிடித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

அன்று மாலை அவர் எனக்குப் போன் எடுத்தார். நான் எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தார். வேலையைக் காப்பாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்பார், நான் மறைத்த வரியைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்துப் போனைக் கவிழ்த்து வைத்தேன். இருட்டுவதற்கு முன் ஒரு குரல் பதிவு வந்தது. திறக்கவில்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் எடுத்தார். பிறகு நின்றுவிட்டது. நான் வேலைக்குப் போனேன், வந்தேன். பதினோரு நாள். நாலைந்து நாள் தவிர மற்ற நாளெல்லாம் மழை.

பதினோராம் நாள் காலை பத்துமணி போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் மழை அளவு ஓடிக்கொண்டிருக்கும். லுணுகலைப் பாதையில் வேறொரு தோட்டத்தில் எண்பத்தேழு என்று காட்டியது. அந்த இடத்தின் எண் எழுபத்தைந்து. இதையெல்லாம் அவர் வாயால் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். எழுபத்தைந்தில் சைரன் கூவியிருந்தால் திரையில் ஒரு மணிக்குறி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. புள்ளி பச்சையாக இருந்தது. எண்பத்தெட்டு ஆனது.

ஏன் அதைச் செய்தேன் என்று தெரியவில்லை, நிரலைத் திறப்பதற்கு முன் அவருடைய குரல் பதிவைத் திறந்தேன். பின்னணியில் மழைச் சத்தம்.

"மிஸ், வேலையப் பத்தி இல்லைங்க. அத விடுங்க. ராத்திரி ஸ்கூல்ல உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். மத்த பதினெட்டு பைலுக்கும் ஆபீஸ்ல வச்சுப் பேரு போட்டாங்க. இந்தப் பக்கம் நாலுக்கு மட்டும் நான் எடத்துல வச்சுப் போட்டேன். சனம் சொல்ற பேரத்தான் போட்டேன். நீங்க பதிவேட்டுல உள்ள பேரத் தேடியிருப்பீங்க. அதான் கெடைக்கல. தப்பு என்னோடதுதாங்க. இந்த எடத்த நீங்க மாத்தியிருப்பீங்க, இன்னும் மூணு எடம் அப்படியே இருக்கு மிஸ். எனக்கு மாத்த முடியாது. நான் ஒரு எடத்துலதான் இருக்க முடியும். இருக்கிறதுல மோசமான எடத்துக்குப் போறேன், சங்கு ஊதாட்டி நான் சத்தம் போட்டு ஏத்திர்றேன். மத்த ரெண்டையும் நீங்க பாத்துக்குங்க."

மலையகத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர் உண்டு. வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனது ஒன்று. அது பெயர்ப்பலகையிலும் பதிவேட்டிலும் இருக்கும். ஆட்கள் வைத்தது ஒன்று. பெரிய கல்லுத் தோட்டம், மூங்கில் தோட்டம் என்று அங்கே பிறந்தவர்களுக்கு அது ஒன்றுதான் தெரியும். டவுனில் வளர்ந்த நான் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் எழுதியிருந்தேன். எங்கள் இரண்டு பேருக்குமே அது பிழையாகத் தோன்றவில்லை. தோட்டத்துக்குத் தோட்டத்தின் பெயரைத்தானே வைத்தோம்.

மூன்று இடத்துக்கும் சரியான கோப்பைக் காட்டிக்கொடுக்க நான்கு நிமிடம் எடுத்தது. எண்பத்தெட்டு காட்டிய தோட்டத்துக்கு நேரே மணிக்குறி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து போன் வந்தது, சங்கு ஊதுது, சனம் ஏறுது என்று. அதற்குப் பிறகு செய்ததையெல்லாம் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. மறைத்த வரியைப் பணிப்பாளரிடம் கொண்டுபோய் வைத்தேன். தோட்டக் கோப்பு இல்லாவிட்டால் வாய்விட்டுக் கத்தும்படி நிரலை மாற்றினேன். அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவர் வரவில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தக் காலையில், மூன்று இடத்தையும் சரிசெய்த கையோடு, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், அவருக்குப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். குரல் அடைத்துப் போயிருந்தது. பதினோரு நாளாக, தான் சொன்ன அந்த மோசமான இடத்து லயத்தின் பிள்ளைக் காம்பராவிலேயே படுத்து, மணிக்கொரு தடவை பெட்டியைத் திறந்து மழை அளவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"மூணுமா மிஸ்?"

"மூணும் அண்ணே. இப்ப சரியாயிருச்சு. நானே பாத்தேன்."

போனுக்குள் பெட்டியைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் வீட்டுக்குப் போலாங்களா?" என்றார்.